கருடன் யாருடைய பொறுப்பில்

கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், கோயில் மண்டபத்தின் இரண்டாம் மாடிப் படியில் ஒரு சூடை மீனின் தலையைக் கண்டேன்.

கொட்டாஞ்சேனையில் மீன் தலை அதிசயமில்லை. துறைமுகம் பக்கத்தில், தெருவில் பாதிப் பேர் கத்தோலிக்கர், மீன் பெட்டி கட்டிய சைக்கிள் ஏழு மணிக்கே மணியடித்துக்கொண்டு வரும். ஆனால் இது கோயிலுக்குச் சொந்தமான மண்டபம். பரிபாலன சபையார் எல்லோரும் மச்ச மாமிசம் விட்டிருப்பதாக ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டிருந்த காலம். பூனை கொண்டுவந்திருக்கும் என்றார் ஐயர். பூனை தலையை விட்டுவைக்காது. உடலைத் தின்று தலையை எறிகிற பழக்கம் மனிதருக்குத்தான் உண்டு. எனவே யாரோ மேலே மீன் பொரித்து, அதைச் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பைட்டாக வைத்துக்கொண்டு குடித்திருக்கிறார்கள் என்று அந்தப் படியிலேயே முடிவுசெய்துவிட்டேன். அந்த யாரோ, மண்டபக் காவலாளர்.

இப்படி முடிவுசெய்வது என் தொழில் நோய். முப்பத்து நாலு வருடம் நீதவான் நீதிமன்றங்களில் வேலை செய்து, பதிவாளராக ஓய்வு பெற்றவள் நான். நாள் முழுக்கப் பொய்ச் சத்தியம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, பக்கத்து வீட்டுக்காரி 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டாலும் ஏன் கேட்கிறாள் என்று தோன்றும். சபைக்கு நான் தேவைப்பட்டது என் பக்திக்காக அல்ல. மூன்று மொழியிலும் கடிதம் எழுதத் தெரியும். ஒலிபெருக்கிக்கு அனுமதி, வீதியை மூடப் பொலிசுக்கு அறிவித்தல், யாகசாலைக் கொட்டகைக்கு மாநகரசபைக் கடிதம் எல்லாவற்றுக்கும் எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் எல்லோரும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் மரியாதை எவ்வளவு, வேலை வாங்கும் தந்திரம் எவ்வளவு என்பதை நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

காவலாளர் மலையகத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்புக்கு வந்து பல கடைகளில் மூட்டை தூக்கி, கடைசியில் இந்த மண்டபத்தில் நிலைத்தவர். மண்டபத்தைக் கூட்டுவது, கதிரை அடுக்குவது, தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் மனைவியோடு இருந்தார். மனைவி மாளிகாவத்தை மாடிவீடுகளில் வீட்டு வேலைக்குப் போய்வருவார். அந்த வேலை போனால் அந்த அறையும் போகும். கொழும்பில் அவர்களுக்கு வேறு கதவு கிடையாது.

மறுநாள் மத்தியானம், சபையார் எவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மேல்மாடிக்கு ஏறினேன். முழங்கால் என்னோடு ஒத்துழைக்காததால் ஒவ்வொரு மாடியிலும் நின்று, புகார்க் கடிதத்தை மனதுக்குள் வாசகம் வாசகமாக எழுதிக்கொண்டே போனேன். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் தாங்கி அறை. கதவு பாதி திறந்திருந்தது. காவலாளர் உள்ளே குந்தியிருந்து எதையோ துண்டாக்கிக்கொண்டிருந்தார். சாராய மணம் இல்லை. மீன் மணம் மட்டும்.

அவருக்கு முன்னால், கோழிக்கூடு அடிக்கும் கம்பிவலையால் செய்த கூட்டில், ஒரு செம்பருந்து இருந்தது.

வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மீதியெல்லாம் செங்கல் நிறம். வானத்தில் வட்டமிடும்போது பார்த்த உருவத்தை ஐந்தடி தூரத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அளவு பயமுறுத்துகிறது. என் கை என்னைக் கேளாமல் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வது சிறுவயதுப் பழக்கம். சட்டம் அதற்கு இரண்டு செக்கன் பிந்தித்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"என்ன இது?" என்றேன்.

அவர் கையிலிருந்த மீன் துண்டோடு எழுந்து நின்றார். "கருடனுங்க மிஸ்."

"அது தெரியுது. ஆர் கொண்டுவந்தது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மொதலாளி வேன்ல கொண்டாந்து எறக்கினாரு. அஞ்சு நாளாச்சு. மூடி வையி, யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. மீனுக்கும் அவருதான் குடுக்கறாரு."

முதலாளி என்றால் எங்கள் சபைத் தலைவர். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சபைக்கு வருவோர் போவோர் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

நான் அவரை நம்பவில்லை. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று தொடங்கும் வாக்குமூலத்தில் பிறகு வருவதெல்லாம் தெரிந்த விஷயம்தான் என்பது என் அனுபவம். தலைவரின் பெயரைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைக்கிறாரோ என்றும் தோன்றியது. இந்தப் பறவையை யாருக்காவது விற்கப் பிடித்து வைத்திருக்கலாம். எனவே நேரே தலைவரின் கடைக்குப் போனேன்.

வழியில் சட்டத்தை மனதில் புரட்டினேன். இந்த நாட்டு வனசீவராசிச் சட்டத்தில் பறவைகளின் நிலை கொஞ்சம் வேடிக்கையானது. எந்தப் பறவை பாதுகாக்கப்பட்டது என்று தேடவேண்டியதில்லை. எல்லாப் பறவையும் பாதுகாக்கப்பட்டதுதான். காகம் போன்ற ஒரு சிலவற்றை மட்டும் ஒரு அட்டவணையில் தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். பருந்தும் கழுகும் அந்த ஒதுக்கலில் இல்லை. பிடிப்பது குற்றம், காயப்படுத்துவது குற்றம், முட்டையை எடுப்பது குற்றம், வைத்திருப்பதும் குற்றம். தண்டப்பணம், சிறை, அல்லது இரண்டும். நோக்கம் பக்தியா பசியா என்று சட்டம் கேட்பதில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. வைத்திருந்தவர் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் தேடுகிற இடம் திறப்பு, அதாவது சாவி. பூட்டின் திறப்பு யார் கையில் இருந்ததோ அவர்தான் முதல் சந்தேகநபர். பொருளுக்குச் சொந்தக்காரன் சட்டத்தரணியோடு பின்வரிசை வாங்கில் இருப்பான். கூண்டில் நிற்பவன் லொறிக் கிளீனர். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு அடுத்த வழக்கின் இலக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் சபையின் திறப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு கடிதம் தயாரித்தவளும் நானே. 'மேல்மாடி அறையும் அதன் திறப்பும் அறையிலுள்ள அனைத்துப் பொருட்களும் காவலாளரின் முழுப் பொறுப்பில் உள்ளன.' அழகான வாசகம். காவலாளர் அதன் கீழே கையெழுத்திட்டிருந்தார். எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டியதும் நான்தான்.

தலைவர் கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மிஸ், பொலிஸ் கடிதம் வந்திருச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை. மேல்மாடியில் ஒரு பருந்து வந்திருக்கு."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. வேலையாளைத் தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டு, கதிரையை இழுத்துக் கிட்டே வந்தார். முகத்தில் கலியாண வீட்டுக்காரரின் பூரிப்பு.

"பார்த்துட்டீங்களா? எப்படி இருக்கு? ராஜா மாதிரி இல்ல?"

"ஏன் அங்க இருக்கு?"

"மிஸ், நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? கும்பாபிஷேகம்னா கருடன் வரணும். போன வருஷம் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கோயில்ல ரெண்டு கருடன் சுத்திச்சாம். மூணு சுத்து. அந்த வீடியோ என் போனுக்கே ஏழு பேர் அனுப்பினாங்க. ஏழு பேர்! எதுக்கு அனுப்பினாங்க? எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்தினார். "நம்ம கோபுரத்துக்கு மேலே காக்காய்தான் சுத்துது. கலசத்தில ஐயர் தண்ணி ஊத்துற நேரம் பார்த்து, மேல் ஜன்னலைத் திறந்துவிட்டா போதும். ஒரே ஒரு சுத்து. சனம் கண்ணால கண்டுக்கும்."

ஏமாற்றுவதற்காக இந்த மனிதர் இதைச் செய்யவில்லை. கருடன் தவறாமல் வர அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார், மேளத்துக்கும் பூவுக்கும் செய்ததைப் போல.

"தானா வந்தால் கருடன்," என்றேன். "கூட்டிலிருந்து வந்தால் அது வழக்கில் சான்றுப்பொருள்." பிறகு சட்டத்தைச் சொன்னேன். பிடித்தவர், விற்றவர், வாங்கியவர், வைத்திருந்தவர் என்று வரிசையாக.

"சாமி காரியத்துக்கு என்ன மிஸ் சட்டம்?"

"சாமி காரியத்துக்கு விலக்கு இருக்கிற இடமெல்லாம் எனக்குத் தெரியும். இதில் இல்லை."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பூரிப்பு வடிந்துபோனது. "மிஸ், ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி வெள்ளவத்தையிலதானே இருக்காங்க? அந்தக் கோயிலுக்குத்தானே போவாங்க?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டேன்."

எழுந்து புறப்பட்டேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "அப்புறம் மிஸ், அறைத் திறப்பு என்கிட்ட இல்லையே. அவன்கிட்டதானே இருக்கு. நீங்கதானே எழுதி வாங்கினீங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க."

சந்தேகப்படுவது எனக்கு மட்டுமே உரிய கலை என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

திரும்ப மேல்மாடிக்குப் போனேன். காவலாளர் கூட்டின் முன்னால் இன்னும் இருந்தார். நான் கடைக்குப் போனதும் தன் கதை முடிந்தது என்று நினைத்திருக்கவேண்டும். அவர் மனைவியும் வேலையிலிருந்து வந்து, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்றார்.

"நீங்கள் சொன்னது உண்மைதான்," என்றேன். "தலைவர் ஒத்துக்கொண்டார். கும்பாபிஷேகத்தன்று பறக்கவிடப் போறாராம்."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க," என்றார் மனைவி.

"நீ சும்மா இரு."

"சொல்லாட்டி அன்னைக்குத் தெரியத்தானே போவுது?"

காவலாளர் கூட்டுக்குள் கையை விட்டு, பருந்தின் முதுகில் ஒரு பழந்துணியைப் போட்டு, ஒரு சிறகை மெல்ல விரித்தார். நீண்டிருக்க வேண்டிய இறகுகள் பாதியில் முடிந்திருந்தன. கத்தரியால் நறுக்கியது போல, ஒரே நேராக. மற்றப் பக்கமும் அப்படியே.

"இது பறக்காதுங்க மிஸ். வந்த அன்னைக்கே பார்த்தேன். புடிச்சவன் ஓடிறக்கூடாதுன்னு வெட்டியிருக்கான். மொதலாளிகிட்ட சொன்னா நான்தான் வெட்டினேம்பாரு."

உண்மையைச் சொன்னால், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மாலை கட்டும் நூல் வெட்டுகிற கத்தரி ஒன்று அவரிடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். துருப்பிடித்து, நூலைக்கூட மென்று துப்பும் கத்தரி. இறகின் வெட்டு முனைகளோ சுத்தமாக நறுக்கப்பட்டு, பிறகு அழுக்கேறி, நுனி பிரியத் தொடங்கியிருந்தன. ஐந்து நாளில் அப்படி ஆகாது. இவர் வெட்டவில்லை என்று தீர்மானித்தேன். முழுதும் நம்பினேன் என்று எழுதமாட்டேன்; சான்று அவர் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வந்து பார்க்கட்டும், இந்தத் திட்டம் தானாகவே செத்துவிடும் என்று நினைத்தேன். இதுவும் என் பிழை.

அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். சிறகைப் பார்த்தார். நாலு ஐயர்மார் வேதம் ஓத, ஆயிரம் பேர் அண்ணாந்து பார்க்க, இந்தப் பறவை ஜன்னலிலிருந்து நேரே யாகசாலைக் கூரையில் தொப்பென்று விழுவது அவர் கண்ணில் ஓடியிருக்கவேண்டும். என் கண்ணிலும் ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

"நீர்கொழும்புப் பக்கத்து ஆளு... பறக்கிற கருடன்னு சொல்லித்தானே குடுத்தான்," என்று முணுமுணுத்தார். பிறகு காவலாளர் பக்கம் திரும்பினார். "நீதான்டா வெட்டினே."

"ஐயோ இல்லீங்க மொதலாளி. வரும்போதே..."

"வரும்போதேன்னா ஏன் அன்னைக்கே சொல்லல? அஞ்சு நாளா வாயில என்ன வச்சிருந்தே? ரெண்டு பக்கமும் சேர்ந்து என்னை அசிங்கப்படுத்தப் பார்க்கிறீங்க." இரண்டாவது பக்கம் என்பது நான். "நாளைக்கே பொலிசுக்குச் சொல்லிடறேன். காவல்காரன் கருடனைப் புடிச்சு, றெக்கையை வெட்டி, மாடியில ஒளிச்சு வச்சிருந்தான். சபைக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்துல இருக்கு. என்ன மிஸ்?"

மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலைவர் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

இரவோடிரவாக எங்காவது விட்டுவிடலாமா என்று காவலாளர் கேட்டார். பறக்கமுடியாத பருந்தைக் கொட்டாஞ்சேனைக் காகங்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடும், அதைக் காண்பவன் போனில் படம் எடுப்பான், படத்தில் மண்டபம் தெரியும் என்றேன். இருந்தது ஒரே வழி. தலைவர் முறைப்பாடு செய்யுமுன் நாங்களே வனசீவராசி அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். ஆனால் உத்தியோகத்தர் வந்து கேட்கும் முதல் கேள்வி 'திறப்பு யாரிடம்?' என்பதுதான். காவலாளரிடம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. பழைய திகதியிட்டு வேறு கடிதம் எழுதலாம். முப்பத்து நாலு வருடம் பொய்த் திகதியைப் பிடிப்பது என் வேலை. போடுவதற்குக் கை வராது. அப்படியானால் உண்மையாகவே திறப்பு கை மாறவேண்டும். இன்றே, இப்போதே.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். மேல்மாடி அறையின் திறப்பை நான் பெற்றுக்கொண்டேன். அறையில் சிறகு வெட்டப்பட்ட ஒரு செம்பருந்து உண்டு. இந்தக் கணம் முதல் அறைக்கும் அதிலுள்ளவற்றுக்கும் நானே பொறுப்பு. பறவை வந்தபோதே வெட்டு இருந்ததாகக் காவலாளர் கூறுகிறார். வெட்டு முனைகளைப் பார்த்ததில் நானும் அவ்வாறே கருதுகிறேன். கீழே என் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, கையெழுத்து.

"திறப்பைத் தாங்கோ," என்றேன்.

அவர் தரவில்லை.

"என்ன?"

"போன தடவையும் ஒரு கையெழுத்துதானுங்க மிஸ்."

"இதில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. நான்தான் போட்டிருக்கிறேன்."

"அப்போ இன்னும் மோசம்," என்றார் மனைவி. "நாங்க போடாத பேப்பர்ல என்ன வேணும்னாலும் எழுதலாமே."

எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்காகச் சிறைக்குள் தலையை நீட்டுகிறேன், இவர்கள் என்னைச் சந்தேகிக்கிறார்களே என்று. கோபம் நீடிக்கவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அந்தத் தாளைத் தொட்டிருக்கமாட்டேன்.

"நான் வேலை செய்யிற வீட்டில ஒரு டீச்சரம்மா இருக்காங்க, மாளிகாவத்தையில," என்றார் மனைவி. "ரிட்டையர் ஆனவங்க. அவங்க வாசிச்சுச் சரின்னு சொன்னா குடுப்போம்."

"எடுத்துக்கொண்டு போங்கோ."

இருவரும் போனார்கள். காவலாளர் போகும்போது திறப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனார். அறையைப் பூட்டவில்லை, என்னை உள்ளே விட்டுவிட்டுப் போனார். நானும் பருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். மீனில் ஒரு துண்டை வலைக்குள் நீட்டினேன். அது மீனைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே இரண்டு மூன்று பருந்துகள் காற்றில் சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. தலைவருக்கு ஒரு கருடன் தேவைப்பட்டால், கழுத்தை நிமிர்த்தி மேற்கே பார்த்திருந்தால் போதும்.

வெளிச்சம் மங்குமுன் அவர்கள் திரும்பி வந்தார்கள். மனைவி தாளை நீட்டினார். ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறி.

"டீச்சரம்மா எல்லாம் சரின்னாங்க. எழுத்துகூட நல்லாருக்காம். ஆனா நேரம் போடலையாம். திகதி மட்டும் இருந்தா, காலையில நடந்ததுக்கும் சாயங்காலம் நடந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதாம்."

முப்பத்து நாலு வருடம். நேரம் எழுதாத எத்தனை கீழ் உத்தியோகத்தரை அழவைத்திருப்பேன். கடிகாரத்தைப் பார்த்து, 'பி.ப. 6.10' என்று சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். தாளை மடித்து மனைவி தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். காவலாளர் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். அப்போதே வனசீவராசி அலுவலகத்தின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, சிங்களத்தில் முறைப்படி அறிவித்தேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு உத்தியோகத்தர் காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டியோடு வந்தார். தலைவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. உத்தியோகத்தர் இளைஞர், சிங்களவர், நிதானமானவர். பறவையைத் தூக்கிச் சிறகை விரித்ததும், "அனே," என்றார், நாங்கள் 'ஐயோ' என்பதைப் போல. பிறகு முகம் இறுகியது.

"அறைத் திறப்பு யாரிடம்?"

"என்னிடம்."

"எப்போதிலிருந்து?"

"நேற்று மாலை ஆறு பத்திலிருந்து."

"அதற்கு முன்?"

நடந்ததை, நடந்த வரிசையில் சொன்னேன். நான் கண்டது இவ்வளவு, மற்றவர் சொல்லிக் கேட்டது இவ்வளவு என்று பிரித்து. தலைவர் தன் கடையில் என்னிடம் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே கொடுத்தேன், ஏழு வீடியோ உட்பட. உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே, "ஆறு பத்து என்று இவ்வளவு சரியாக ஞாபகம் வைத்திருக்கிறீர்களே மிஸ்," என்றார். அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். மிகத் தெளிவாகப் பேசும் சாட்சியிடம் நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

புது இறகு முளைக்க மாதக்கணக்காகும், அதுவரை பராமரிப்பில் வைத்திருப்போம் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துப் போனார்.

சபை அன்று மாலையே கூடி என்னைக் கடித வேலையிலிருந்து விடுவித்தது. வெள்ளவத்தையின் ஆள் என்று பேசிக்கொண்டார்களாம். காவலாளரை நிறுத்தவும் தலைவர் பிரேரித்தார். விசாரணையில் உள்ள ஒருவரை இந்த நேரத்தில் வேலையால் நிறுத்தினால் சாட்சியை அச்சுறுத்தியதாகும், அது தனி வழக்கு என்று நான் ஒரு பக்கத்துக் கடிதம் அனுப்பியிருந்தேன், பதிவுத் தபாலில். பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது. ஆனாலும் அவர் சாட்சியா சந்தேகநபரா என்பதை நானோ சபையோ தீர்மானிக்க முடியாது. அதற்கு வாக்குமூலம் எடுக்கவேண்டும், எடுப்பவர் நம்பவேண்டும். அதுவரை அவரும் மனைவியும் அந்த அறையில் சாமான்களைப் பாதி கட்டியபடியே வைத்திருந்தார்கள்.

கும்பாபிஷேகம் குறித்த நேரத்தில் நடந்தது. நான் பின்வரிசையில் நின்றேன். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது சனம் முழுதும் அண்ணாந்து பார்த்தது. காகங்கள் சிதறின. யாரோ "அந்தா, அந்தா" என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் புரை. தலைவர் கைகூப்பி நின்றபடி வானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் காவலாளரையும் என்னையும் வாக்குமூலத்துக்கு அழைத்தார்கள். மனைவி வீட்டு வேலையை விட்டுவிட்டு வரமுடியாததால் கைப்பையிலிருந்த தாளை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். முதலில் நான். என் வாக்குமூலத்தை வாசித்து, இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கையெழுத்திட்டேன். பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்புக்கு நான் வரலாமா என்று கேட்டேன். தேவையில்லை, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிறார் என்றார்கள். கதவு மூடியது.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு மணி நேரம் இருந்தேன். அந்த அறைக்குள் அவர் என்ன சொன்னாலும் என்னால் மறுக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. திறப்பு மிஸ்ஸிடம் இருந்தது, பொறுப்பும் மிஸ்ஸுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியேறலாம். ஆதாரம் என் கையெழுத்தில், நேரத்தோடு, அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்தத் தாளில் ஒரு ஓட்டை விட்டிருக்கக் கூடாதா என்று, என் தொழில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, நினைத்தேன்.

அவர் வெளியே வந்தார். உள்ளே கொடுத்த, வழக்குக்கான அழைப்புக் கடிதத்தை நீட்டினார். தலைப்பில் 'சாட்சி' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. இரண்டு முறை வாசித்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூன்று நிறுத்தம் கடந்தது. அவர் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். கேட்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

"அந்த ஆபீசரு நான் சொன்ன ஒரு வார்த்தையும் நம்பலீங்க மிஸ், உங்க தாளைப் பார்த்துத்தான் சாட்சின்னு எழுதினாரு," என்றார் கடைசியில். "றெக்கைய யாரு வெட்டினான்னு நாலு தடவை கேட்டாரு. தெரியாதுன்னு நாலு தடவையும் சொன்னேன். அப்புறம் உங்களைப் பத்திக் கேட்டாரு."

"என்ன கேட்டார்?"

"அந்த மிஸ் எதுக்கு அடுத்தவன் தலைவலியைத் தன் தலையில எடுத்துக்கிட்டாங்க, இதில ஏதோ இருக்குதேன்னாரு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் சார்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வீட்டுக்குப் போனதும் கட்டின சாமானை அவிழ்க்கச் சொல்லவேண்டும், அவள் நம்பமாட்டாள், அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் நம்புவாள் என்றார். கடிதம் என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.